எனக்க கட்டியாக்கும்

ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தவர்கள் கர்த்தருக்கு நன்றி சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். எங்கள் சபையில் அதுதான் வழக்கம். நானும் சொல்லிவிட்டேன், காணிக்கையும் போட்டுவிட்டேன். அது கர்த்தருக்கும் எனக்கும் உள்ள காரியம். இங்கே நான் எழுதப் போவது மனிதர்களைப் பற்றி. தையல் ஆறிவிட்டது. அவர்கள் மேல் உள்ள கோபம் ஆறவில்லை.

என் பெயர் ஷைனி. நாற்பத்தொரு வயது. வீடு பாறசாலைக்குக் கிழக்கே, கொஞ்சம் எட்டி நடந்தால் தமிழ்நாட்டுக்குள் போய்விடலாம். நெய்யாற்றின்கரையில் ஒரு ஜவுளிக்கடையில் கல்யாணச் சேலைப் பிரிவில் வேலை. வீட்டுக்காரர் ஜாஸ்பர் ஆரியங்கோட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறார். ஒரே மகள், பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

மாதவிலக்கு எனக்குச் சிறு வயதிலிருந்தே அதிகம்தான். பெண் என்றால் இப்படித்தான் என்று அம்மா சொன்னாள், பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னாள், கல்யாணமான பிறகு மாமியாரும் சொன்னாள். இத்தனை பேர் சொன்னதை நம்பி இத்தனை வருடம் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். கடந்த இரண்டு வருடமாக அது நிற்பதே இல்லை என்று ஆயிற்று. ரத்தம் கட்டி கட்டியாகப் போகும். மாடிப்படி ஏறினால் கண் இருட்டும். கடையில் நாங்கள் உட்காரக் கூடாது. உட்கார உரிமை உண்டு என்று சட்டம் வந்த பிறகு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். அதில் துணிக்கட்டு இருக்கிறது.

பனச்சமூட்டிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணச் சேலை எடுக்க வந்திருந்தது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் பெண்ணுக்கு வெள்ளைச் சேலைதான். வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் முட்டிபோட்டு ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். எழுந்தபோது விரிப்பில் கறை. கல்யாணப் பெண்ணின் அம்மா அதைப் பார்த்ததும் தன் கைப்பையைத் தூக்கி அதன் மேல் வைத்து, பேசாமல் என்னை அங்கேயே உட்கார வைத்துவிட்டார். அந்தம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும். சூப்பர்வைசர் பிறகு என்னைக் கூப்பிட்டு, பெண்களுக்கு உள்ளதுதானே, பார்த்து நடந்துகொள்ள வேண்டாமா என்று கேட்டான். அவனுக்கு என் மகனாக இருக்கும் வயது.

மறுநாளே நெய்யாற்றின்கரையில் ஸ்கேன் எடுத்தேன். கர்ப்பப்பையில் நார்க்கட்டி. ஃபைப்ராய்டு என்பார்கள். கர்ப்பப்பையின் சதை எதற்கென்று தெரியாமல் தானாக உருண்டு திரண்டு வளர்வது. புற்றுநோய் அல்ல. உடம்பில் சுரக்கிற பெண் ஹார்மோனைத் தின்று வளரும், மாதவிலக்கு நின்று ஹார்மோன் வற்றினால் தானும் சுருங்கும். சிலருக்கு இருப்பதே தெரியாமல் இருந்துவிட்டுப் போகும். எனக்குப் பெரியது ஒன்று, ஒரு சாத்துக்குடி அளவில், கர்ப்பப்பையின் உள்சுவரைத் தள்ளிக்கொண்டு நின்றது. ரத்தப்போக்குக்கு அதுதான் காரணம். கூடவே சின்னது மூன்று.

டாக்டர் ரிப்போர்ட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார். பிள்ளை ஒன்று இருக்கிறதே, இனி அதற்கு என்ன வேலை என்றும் கேட்டார். இந்தக் கேள்வியைப் பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். வேலை முடிந்த உறுப்பை எடுப்பதென்றால் எங்கள் ஊரில் பல ஆண்களுக்கு நாக்கை எடுக்க வேண்டும்.

நான் கத்திக்குப் பயந்தவள் அல்ல. மகளை அறுத்துத்தான் எடுத்தார்கள். என் பயம் மேபல் அக்காவைப் பார்த்து வந்தது. என் கூடப் பிறந்தவள். அவளுக்கும் இதே கட்டி. முப்பத்தெட்டு வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அத்தான் கையெழுத்துப் போட்டார். கர்ப்பப்பையோடு சினைப்பை இரண்டையும் சேர்த்து எடுத்த விஷயம் அவளுக்குத் தெரியாது. சினைப்பை போனால் ஹார்மோன் ஒரே நாளில் நின்றுவிடும். அறுபது வயதில் மெதுவாக வரவேண்டிய தளர்ச்சி அவளுக்கு நாற்பதுக்குள் வந்து நின்றது. வேர்த்துக் கொட்டும், தூக்கம் கிடையாது, கால் இடறி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தது. கை எலும்புக்குப் பார்க்கப் போன இடத்தில் வேறொரு டாக்டர் சொல்லித்தான் தனக்குள் என்ன இல்லை என்று அறிந்தாள். அத்தானிடம் நான் கேட்டதற்கு, அவர்கள் நீட்டிய இடத்தில் போட்டேன் என்றார். அன்றைக்கு நான் ஒன்று தீர்மானித்தேன். என் உடம்பிலிருந்து எதை எடுப்பதானாலும் என்னைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். முடிந்தால் எதையும் எடுக்காமல், மாத்திரையிலேயே காரியம் முடிய வேண்டும்.

மாத்திரை உண்டா என்று கேட்டேன். ஒரு ஹார்மோன் மாத்திரையும், ரத்தப்போக்கைக் குறைக்க இன்னொரு மாத்திரையும் எழுதினார். பெரிதாகக் குறையவில்லை. எங்கள் எல்லையில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். இந்தப் பக்கத்தில் கேட்காவிட்டால் அந்தப் பக்கத்தில் பார்ப்போம். காய்ச்சலுக்கு நெய்யாற்றின்கரை, அது விடாவிட்டால் மார்த்தாண்டம். ஒரு டாக்டரின் சீட்டை அடுத்தவரிடம் காட்டக் கூடாது, காட்டினால் முகம் சுளிப்பார்கள் என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். மலையாளச் சீட்டைப் பையில் மடித்து வைத்துவிட்டு மார்த்தாண்டத்தில் போய் முதல் தடவை வந்தவள் மாதிரி உட்கார்ந்தேன். அவரும் இரண்டு மாத்திரை எழுதினார். பெயர் வேறு, அட்டை வேறு, நிறம் வேறு. காலையில் கேரளம், ராத்திரியில் தமிழ்நாடு என்று இரண்டு பக்கத்து மருந்தையும் விழுங்கினேன். ரத்தம் நின்றது. அந்தப் பக்கத்து டாக்டர் கைராசிக்காரர் என்று கடைப்பெண்கள் இரண்டு பேருக்குச் சிபாரிசுகூடச் செய்தேன்.

பிறகு இடது கால் வீங்கியது. நாள் முழுக்க நிற்பதால் என்று நினைத்தேன். தொடைவரை ஏறி, தொட்டால் உயிர் போகிற வலி வந்தபோது ஜாஸ்பர் பால்வெட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து என்னைத் திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். காலின் ஆழத்து ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. அது பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆள் காலி என்றார்கள். ஓர் இளம் டாக்டர் என் பையைக் கொட்டச் சொன்னான். நான்கு அட்டையையும் கட்டிலில் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, சேச்சி, இது நாலு மருந்து அல்ல, ரெண்டு மருந்துதான் என்றான். இரண்டு மாநிலமும் எனக்குக் கொடுத்தது ஒரே மருந்து. இரட்டிப்பாகத் தின்றிருக்கிறேன். அதில் ஒன்று, உறைந்த ரத்தத்தைக் கரையவிடாமல் பிடித்துக்கொள்ளும் மாத்திரை. கட்டி இடுப்பு ரத்தக்குழாய்களை அழுத்தியது, நாள் முழுக்க நின்றது, அதன் மேல் இதுவும்.

தப்பு உன்னுடையதுதான் என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். இருக்கட்டும். காட்டக் கூடாது என்று யார் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது? வேறு டாக்டரிடம் போனேன் என்று சொன்னால் சீட்டைத் தூக்கி எறிகிறவர்கள்தானே? இரண்டு டாக்டர்களில் ஒருவர்கூட, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன்.

அதன் பிறகுதான் கூத்து. காலுக்காக ரத்தத்தை நீர்க்க வைக்க வேண்டும், அதற்கு வயிற்றில் ஊசி. நீர்த்த ரத்தம் கர்ப்பப்பை வழியாகக் கொட்டியது. நிறுத்த மருந்து கொடுத்தால் காலுக்கு ஆபத்து. மேலே பாட்டிலில் யாருடைய ரத்தமோ ஏறும், கீழே என் ரத்தம் போகும். அக்கா விரிப்பு மாற்றிக்கொண்டே இருந்தாள். ஜாஸ்பர் விடியும் முன்னே பால் வெட்டிவிட்டு, கையில் ரப்பர் பால் நாற்றத்தோடு கஞ்சியும் பயறும் கொண்டு வருவார். எனக்கு அந்த நாற்றம் பிடிக்காது. அந்த வார்டில் மட்டும் அது வந்தால்தான் மூச்சு சீராகும்.

கடைசியில் மாதாமாதம் ஓர் ஊசி போட ஆரம்பித்தார்கள். சினைப்பையைத் தூங்க வைத்து ஹார்மோனை நிறுத்தும் ஊசி. கட்டிக்குத் தீனி இல்லாமல் அது சுருங்கும், ரத்தம் நிற்கும். நின்றது. அக்காவுக்கு வந்த வேர்வையெல்லாம் எனக்கும் வந்தது. அப்படியே போட்டுக்கொண்டிருக்கலாமா என்று கேட்டேன். எலும்பு தேய்ந்துவிடும், கொஞ்ச மாதம்தான் போடலாம், நிறுத்தினால் கட்டி மறுபடி வளரும் என்றார் பெரிய டாக்டரம்மா. கால் சரியாகட்டும், உடம்பில் ரத்தம் ஏறட்டும், அதற்குப் பிறகு ஆபரேஷன் என்று வீட்டுக்கு அனுப்பினார்.

ஆபரேஷனுக்காக இரண்டாம் தடவை போய்ப் படுத்தபோதுதான் ஆர்யா வந்தாள். இதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். நோயாளியோடு துணைக்கு இருப்பவரைக் கேரளத்து ஆஸ்பத்திரியில் பைஸ்டாண்டர் என்பார்கள். அங்கே எல்லாம் பைஸ்டாண்டரிடம்தான். ரிசல்ட் வந்தால் பைஸ்டாண்டர், மருந்து வாங்க பைஸ்டாண்டர், என்ன நோய் என்று சொல்வதும் பைஸ்டாண்டரிடம். கட்டிலில் கண்ணை விழித்துக்கொண்டு கிடக்கிற நான் அவர்களுக்கு ஒரு கட்டில் நம்பர். ஆர்யாவும் நேராக ஜாஸ்பரிடம் போய், சேட்டா, ஒரு சம்மதம் வேணும் என்றாள். நெய்யாற்றின்கரைப் பிள்ளை, ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் படிக்கிறாள். ஆபரேஷனில் எடுக்கும் கட்டியில் ஒரு துண்டு வேண்டுமாம். ஜாஸ்பர் பேனாவைத் தேடினார்.

"மக்கா, இஞ்ச வா," என்றேன். "எனக்க கட்டியாக்கும். அவியளுக்கு என்ன தெரியும்? எனக்கிட்ட கேளு."

வார்டே திரும்பிப் பார்த்தது. அந்தப் பிள்ளை முகம் சிவந்து போய், மன்னிப்புக் கேட்டு, என் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. ஆஸ்பத்திரிக்குள் ஒருவர் என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். துண்டை ஐஸில் வைத்துக் கொண்டுபோவார்களாம். பொடியாக நறுக்கி, சதையைத் தனித்தனி செல்களாகப் பிரித்து, தட்டில் ஊற்றி, தீனி கொடுத்து வளர்ப்பார்களாம். வளர்ந்த பிறகு ஒவ்வொரு மருந்தாகத் துளித்துளியாகப் போட்டு, எது அதன் வளர்ச்சியை நிறுத்துகிறது என்று பார்ப்பார்களாம். வேறு நோய்க்கு உள்ள மருந்தும் உண்டு, தேயிலையிலிருந்து பிரித்தெடுத்த பொருள்கூட உண்டு. இப்போதுள்ள மருந்துகளில் பலதும் உடம்பு முழுவதிலும் உள்ள ஹார்மோனில்தான் கை வைக்கின்றன, நிறுத்தினால் கட்டி திரும்பி வருகிறது. கட்டியை மட்டும் அடிக்கிற மருந்துதான் அவர்கள் தேடுவது. நன்றாகச் சுருக்குகிற மாத்திரை ஒன்று வந்து, சில பெண்களின் ஈரலைக் கெடுத்ததால் பல நாடுகளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்களாம். அதனால் தட்டில் நன்றாகப் பார்க்காமல் ஆளுக்குக் கொடுக்க முடியாது என்றாள்.

ஐம்பது வயதுக்குள் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு வரும் என்று அவளே சொன்ன நோய்க்கு இத்தனை காலமாக ஒரு நல்ல மருந்து ஏன் இல்லை என்று கேட்டேன். அவள் சொன்னாள். "இது ஆளைக் கொல்லாத அசுகமல்லே சேச்சி. அதுகொண்டு ஆராய்ச்சிக்குப் பைசா குறவு."

ஆளைக் கொல்லாத நோய். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பிள்ளையையே ஏசியிருப்பேன். விரிப்பு மாற்றி அலசியே கை வெடித்த என் அக்காவைக் கேட்கட்டும், கொல்கிறதா இல்லையா என்று. செத்தால் கணக்கு, சாகாமல் வருடக்கணக்கில் ரத்தம் சிந்தினால் அது குடும்ப விஷயம். யார் எந்த மேஜையில் இருந்து இதைத் தீர்மானிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் ஒரு நாள் எங்கள் கடையில் வெள்ளை விரிப்பில் முட்டிபோட்டுப் பார்க்க வேண்டும்.

ஆர்யா மேல் கோபப்பட்டு என்ன லாபம் என்று கையெழுத்துப் போட்டேன். என் கட்டி என்ன ஆயிற்று என்று எனக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். பெயர் எழுத மாட்டோம், நம்பர்தான் என்றாள். அப்படியானால் நம்பரைச் சொல் என்றேன். சொன்னாள்.

டாக்டரம்மாவிடமும் பேசித் தீர்த்தேன். கட்டிகளை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையைத் தைக்கப் பார்க்கிறேன், ரத்தம் அடங்காவிட்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். அது நியாயம். சினைப்பையில் கை வைக்கக் கூடாது என்றேன். அவர் ஒத்துக்கொண்டு எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த நிமிடமே சிஸ்டர் பைஸ்டாண்டரைக் கூப்பிட்டாள்.

ஆபரேஷனுக்கு நடுவே நடந்ததை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். தியேட்டருக்கு வெளியே ஜாஸ்பரோடு அவளும் இருந்தாள், சபைக்காரர்கள் சிலரும் இருந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு ஓர் உதவி டாக்டர் வந்தார். ரத்தம் நிற்கவில்லை, கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார். அதோடு நிறுத்தவில்லை. வயிற்றைத் திறந்தாயிற்று, சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் பின்னால் தொல்லை இருக்காது, இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார். சபைக்காரர்கள் போடச் சொன்னார்கள். ஜாஸ்பர் கடைக்காரனிடம் மீதிச் சில்லறை கேட்கக்கூடக் கூச்சப்படுகிற ஆள்.

"கெர்ப்பப்பைய ஜீவனுக்கு வேண்டி எடுக்கணும்னா எடுங்க," என்றாராம். "மற்றது ரெண்டும் வேண்டாம்னு அவ சொல்லியிருக்கா."

அவள் மயக்கத்தில் இருக்கிறாள், இப்போது நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று அந்த டாக்டர் சத்தம் போட்டிருக்கிறார்.

"மயக்கத்துல கெடந்தாலும் அவ சொன்னது சொன்னதாக்கும். எனக்கு வேற சொல்லத் தெரியாது."

நான் கண் விழித்தபோது அக்கா என் காதருகில் குனிந்து, எடுத்தாச்சு மக்கா, ஆனா ஓவரி ரெண்டும் இருக்கு என்றாள். நான் அழுதேன். போன ஒன்றுக்காகவும் அழுதேன், தங்கிய இரண்டுக்காகவும் அழுதேன். ஜாஸ்பர் கட்டிலின் கால்மாட்டில் நின்று என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மேல் மட்டும் எனக்கு ஒரு கோபமும் இல்லை, இதை அவர் படிப்பார் என்பதால் எழுதி வைக்கிறேன்.

சில வாரம் கழித்து டாக்டரிடம் திரும்பக் காட்டப் போனபோது அக்கா துணைக்கு வந்தாள். காத்திருக்கும் பெஞ்சில் இருந்தோம். ஆர்யா எங்களைத் தேடி வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே என் கட்டிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"முதல்ல நல்லோணம் வளர்ந்து சேச்சி. பின்ன மெல்ல நின்னு. மருந்து போடுந்நதுக்கு முன்னமே செத்துபோயி."

"எனக்குள்ள சாவாதது அங்க எப்படிச் செத்துது?"

"அங்க சேச்சிடெ ரத்தம் இல்லல்லோ."

தட்டில் வைத்தால் இந்த செல்கள் கொஞ்ச நாளில் குணம் மாறிவிடுமாம், ஹார்மோனை அறிகிற தன்மையே போய்விடுமாம். இந்த ஆராய்ச்சியில் பெரிய தடை அதுதானாம். வேறு பெண்களிடம் மறுபடி வாங்கி மறுபடி தொடங்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. என் ரத்தத்தைக் குடித்து, என் காலைக் கெடுத்து, கர்ப்பப்பையையும் கூட்டிக்கொண்டு போனது. பெரிய படிப்புப் படித்தவர்கள் தீனி கொடுத்துத் தாங்கியும் அதற்கு ஒரு மாதம் உயிரோடு இருக்கத் துப்பில்லை. ஒரு மருந்தையாவது முகத்தில் வாங்கிக்கொண்டு செத்திருக்கலாம்.

அதுவரை பேசாமல் இருந்த அக்கா, முன்பு எடுத்த கர்ப்பப்பையை ஆஸ்பத்திரியில் எங்கேயாவது வைத்திருப்பார்களா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டாள். எப்போது எடுத்தது என்று ஆர்யா கேட்க, பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று என்றாள்.

"இல்ல சேச்சி. அது அன்னே களைஞ்சிருக்கும்." அன்றைக்கே குப்பையில் போட்டிருப்பார்களாம்.

"கேட்டிருந்தா நானும் தந்திருப்பேன்," என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பாமலே, "எனக்க மகளுக்கும் உண்டு பிள்ளே," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவின் மகள் ஜிஜிக்கு இருபத்துமூன்று வயது. கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வயிற்றுநோவு என்று மாதாமாதம் வேலைக்கு லீவு போடுவாள், நானும் அப்படியே நம்பியிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று கூடப் பிறந்த என்னிடமே மறைத்திருக்கிறாள். என் ரத்தத் துணியை அலசும்போதும் இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் அலசியிருக்கிறாள். அவளை அங்கேயே பிடித்து ஏச வாய் வந்தது. அதற்குள் அவள் ஆர்யா பக்கம் திரும்பிவிட்டாள்.

"அவளுக்குக் கத்தி வைக்காம கட்டிய மாத்துகதுக்கு மருந்து உண்டா?" என்று அக்கா கேட்டாள்.

ஆர்யா என்னைப் பார்த்தாள். நான், என்னைப் பார்க்க வேண்டாம், உள்ளதை உள்ளபடி அவளிடம் சொல் என்றேன். அந்தப் பிள்ளை அக்காவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தது. ரத்தப்போக்கைக் குறைக்கவும் கட்டியைக் கொஞ்ச காலம் அடக்கவும் மருந்து உண்டு, ஒரே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பார்க்க வேண்டும், கட்டியை அடியோடு இல்லாமல் ஆக்குகிற மருந்து இப்போது இல்லை என்று சொன்னது.

"பின்ன எப்ப வரும்?"

அது தனக்குத் தெரியாது என்றாள் ஆர்யா. தன் கர்ப்பப்பை போனபோதுகூட யாரிடமும் ஒரு கேள்வி கேட்காத என் அக்கா, அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, மறுபடியும் கேட்டாள்.